குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு: பால்வெட்டுக் கத்தியை எப்போது எடுக்கலாம்?

கேள்வி (சுருக்கமாக): அப்பாவுக்கு 54 வயது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. வலது தொடையிடுக்கில் குடலிறக்கம் (ஹெர்னியா) என்று முதுகில் ஊசி போட்டு, கீறித் திறந்து, வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். இன்று ஆறாம் நாள். விதைப்பை நீலம் பாரித்துக் கிடக்கிறது. தையலுக்கு அடியில் தடியாக ஏதோ தட்டுப்படுகிறது. மூன்று மாதம் அசையக்கூடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். தோட்டத்துக்காரர் அடுத்த வாரமே வரச் சொல்கிறார். மீன், முட்டை கொடுக்கலாமா? பைக் எப்போது ஓட்டலாம்? அப்பா வருஷாவருஷம் சிவாலய ஓட்டம் (சிவராத்திரிக்கு 12 சிவன் கோயில்களுக்கு ஓடிப்போய்க் கும்பிடுவது) போகிறவர். இனி முடியுமா?

பதில்:

மூன்று மாதமும் வேண்டாம், அடுத்த வாரமும் வேண்டாம். சமதரையில் கத்தி பிடிக்க மூன்று வாரம், பால் நிறைந்த வாளியைத் தூக்க ஆறு வாரம் என்று இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். உள்ளே கண்டது அவர்தான்.

சொந்தக்காரர்கள் சொல்லும் மூன்று மாதத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வலை வருவதற்கு முன், விலகிப்போன தசையை இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார்கள். இழுத்துத் தைத்த தசை எந்நேரமும் விறைப்பாக நிற்கும். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் தையல் அறுத்துக்கொண்டு போகும். அதனால் பல வாரம் படுக்கவைத்தார்கள். 1980களில் அமெரிக்க அறுவை மருத்துவர் லிக்டன்ஸ்டைன் பரவலாக்கிய முறையில் தசையை இழுப்பதே இல்லை. ஓட்டையின் மேல் பாலிப்ரொப்பிலீன் வலை ஒன்றை, ஏறத்தாழ 7 செ.மீ. அகலம் 15 செ.மீ. நீளத்தில், தளர்வாக விரித்து ஓரங்களில் மட்டும் தைக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். பழைய ஆபரேஷனின் பத்தியம் புது ஆபரேஷனுக்கும் அப்படியே தொடர்கிறது, அவ்வளவுதான்.

வலை வைத்த அன்றே அது முழுப் பலம் பெற்றுவிடுவதில்லை. பாகலுக்குப் பந்தல் போட்ட மாதிரிதான். பந்தல் முதல் நாளே நிற்கும், கொடி படர்ந்து பின்னிக்கொள்ள நாளாகும். வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடிப்பது முதல் இரண்டு மூன்று வாரங்களில் வேகமாக நடக்கும். வெளிப்புண் மூன்றாம் வாரத்தில் தன் பழைய பலத்தில் கால்பங்கு அளவுக்குத்தான் சேர்ந்திருக்கும். ஆறாம் வாரத்தில் பாதியைத் தாண்டும். மூன்றாம் மாதத்தில் முக்கால் பங்குக்கு மேல் வரும். தோல் மூடிவிட்டதே என்று பார்த்துப் பாரம் தூக்கக்கூடாது என்பது இதனால்தான்.

இன்னொன்றைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம்தான் வலையைத் தள்ளுகிறது. படுத்திருக்கும்போது அது மிகக் குறைவு. எழுந்து நின்றால் 20 மி.மீ. பாதரச அளவுக்கு வரும். நின்றுகொண்டு பலமாக ஒரு தடவை இருமினால் 100-ஐத் தாண்டும். ஒரு சின்னக் குடம் தண்ணீரைத் தூக்குவதைவிட ஒரு கெட்ட இருமல் அதிகமாகத் தள்ளுகிறது. எதையும் தூக்கக் கூடாது என்று அப்பாவைக் கட்டிலில் கிடத்திவிட்டு, பீடி இருமலையும் மலச்சிக்கலையும் கவனிக்காமல் விடுவதுதான் நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் தப்பு.

எனவே முதலில் இருமல். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாமே இந்த ஆறு வாரம் வேண்டாம். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், புண் ஆறுவது தாமதப்படும். புகைப்பவர்களுக்குக் குடலிறக்கம் திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். இருமலோ தும்மலோ வரும்போது உள்ளங்கையை விரித்துத் தையலின் மேல் வைத்து, அல்லது சின்னத் தலையணையை அணைத்து, உள்பக்கமாக அழுத்திக்கொண்டு இருமச் சொல்லுங்கள். அடக்க வேண்டாம். சளியை உள்ளே வைத்திருந்தால் நெஞ்சில் கட்டும். மழைக்காலமாக இருந்தால் ஜலதோஷத்தை முதல் நாளே கவனியுங்கள்.

அடுத்து மலச்சிக்கல். ஆபரேஷனுக்குப் பின் மூன்று நான்கு நாள் மலம் போகாமல் இருப்பது சாதாரணம். ஊசி மருந்து, படுக்கை, சாப்பாடு குறைவு எல்லாம் சேர்ந்து வரும். வலிக்கு டிரமடால் கொடுத்திருந்தால் இன்னும் இறுகும். ஆறாம் நாளாகியும் சரியாகப் போகவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். ராத்திரி லாக்டுலோஸ் சிரப் 15 முதல் 30 மி.லி. இல்லாவிட்டால் இசப்கோல் இரண்டு டீஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குடிக்காமல் இசப்கோல் மட்டும் சாப்பிட்டால் அதுவே கட்டிக்கொள்ளும். கழிப்பறையில் முக்கக்கூடாது. வாயைத் திறந்து மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் முக்க முடியாது. குத்தவைத்து உட்காரும் கழிப்பறையால் வலைக்கு ஆபத்தில்லை. எழும்பும்போதுதான் வலி பிடிக்கும். பக்கத்தில் கனமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு அதில் கையூன்றி எழும்பட்டும். மேல்நாட்டுக் கழிப்பறை இருந்தால் காலடியில் ஒரு சின்னப் பலகை வைத்து முட்டியை உயர்த்திக்கொள்வது நல்லது.

ஐம்பது தாண்டிய ஆண்கள் என்பதால் மூன்றாவதாக ஒன்றும் கேட்க வேண்டும். சிறுநீர் போக முக்க வேண்டியிருக்கிறதா? ராத்திரி மூன்று நான்கு தடவை எழும்புகிறாரா? புராஸ்டேட் வீக்கத்துக்கு வைத்தியம் பார்க்காமல் குடலிறக்கத்தை மட்டும் தைத்தால், ஒவ்வொரு தடவை முக்கும்போதும் புதுத் தையல்தான் தாங்க வேண்டும். அடுத்த தடவை ஆஸ்பத்திரி போகும்போது சொல்லுங்கள்.

இனி நீலம். கீறிய இடத்தில் கசிந்த ரத்தம் கீழே இறங்கி விதைப்பையிலும் குறியிலும் தேங்குகிறது. இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் பெரும்பாலும் வெளியே தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். விதைப்பையைத் தொங்கவிடாமல் தாங்கிப் பிடித்தால் வீக்கமும் வலியும் குறையும். இறுக்கமான ஜட்டி போதும். லங்கோடு கட்டிப் பழகியவர் என்றால் கட்டலாம், ஆனால் முடிச்சு தையலின் மேல் வரக்கூடாது. கைலியையும் தையலுக்கு மேலாக, தொப்புள் பக்கம் தளர்வாக உடுத்தட்டும். மருந்துக்கடைகளில் விற்கும் குடலிறக்க பெல்ட் இனி தேவையில்லை. அது ஆபரேஷன் செய்யாதவர்களுக்கு. வீக்கம் இருக்கும் வரை ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வைக்கலாம். தோலில் நேராக வைக்க வேண்டாம்.

தையலுக்கு அடியில் விரல் தடிமனில் கயிறு போலத் தட்டுப்படுவது ஆறும் தழும்பு. இரண்டு மூன்று மாதத்தில் இளகும். சிலருக்கு இது தவிர உருண்டையாக ஒரு வீக்கமும் ஒரு வாரத்தில் வரும். பெரிய குடலிறக்கமாக இருந்தவர்களுக்கும், லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்தவர்களுக்கும் அதிகம். பழையபடி இறங்கிவிட்டது என்று பயந்து ஓடுவார்கள். காலியான இடத்தில் நிணநீர் தேங்குவதுதான் அது. குடலா நீரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: அப்பாவை நிற்கவைத்து, வீக்கத்தின் மேல் விரல் வைத்து இருமச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, படுத்தால் உள்ளே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நின்றாலும் படுத்தாலும் ஒரே அளவில், தள்ளாமல் இருந்தால் பெரும்பாலும் நீர்தான். ஆறு எட்டு வாரத்தில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ஊசி போட்டு எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். குத்துகிற ஊசி கிருமியை வலை வரைக்கும் கொண்டுபோகலாம்.

காத்திருக்கக் கூடாத விஷயங்கள் இவை. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல். தையலைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, சலம் (சீழ்) வருவது. விதைப்பை மணிக்கணக்கில் பெரிதாகிக் கல் போல் இறுகுவது. விதையில் தாங்க முடியாத வலி. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்புவது. வயிறு வீங்கி வாந்தி, வாயு கூட வெளியேறாமல் இருப்பது. ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல். இதில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கு அன்றே போகவும். வாந்தியோ மூச்சுத்திணறலோ என்றால் 108-ஐக் கூப்பிட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அறுவை சிகிச்சை வசதி உள்ள பக்கத்து ஆஸ்பத்திரியோ, எது அருகிலோ அங்கே. முதுகில் ஊசி போட்டிருப்பதால் இன்னொன்றும் உண்டு: உட்கார்ந்தால் தலை பிளக்கிற வலி, படுத்தால் இல்லை என்றால் அது அந்த ஊசியால் வருவது. தண்ணீரும் காப்பியும் நிறையக் குடித்துப் படுத்திருந்தால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் வைத்தியம் உண்டு.

வலி மாத்திரையைச் சேமித்துவைப்பதில் பலனில்லை. வலித்தால் நடக்க மாட்டார், மூச்சை ஆழமாக இழுக்க மாட்டார், இருமவும் மாட்டார். பாரசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. முதல் மூன்று நாள் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்காகக் கொடுப்பது நல்லது, ஒரு வாரம் ஆனபின் வலிக்கும்போது மட்டும் போதும். ஜலதோஷ மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். சாராயம் குடிக்கிறவர் என்றால் இந்த நாட்களில் கண்டிப்பாக நிறுத்த வேண்டும், கல்லீரல் இரண்டையும் தாங்காது. ஐபுப்ரோஃபென் போன்றவை வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழும்புவதுதான் வயிற்றுத் தசைக்கு அந்த நாளின் பெரிய வேலை. முட்டி இரண்டையும் மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி வலிக்காத பக்கம் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் முழங்கையை ஊன்றித் தள்ளி உட்கார வேண்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும். பாயில் படுப்பவர் என்றால் இரண்டு வாரத்துக்குக் கட்டிலுக்கு மாற்றுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மீன் சாப்பிட்டால் புண்ணில் சலம் வைக்கும், முட்டை சூடு, தயிர் ஆகாது என்று சொல்லிக் கஞ்சியும் பப்படமும் மட்டும் கொடுக்கிறார்கள். சலம் வைப்பது கிருமியால், மீனால் அல்ல. புண் ஆறவே புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம் வரும். கால்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சாளை மீன் சேர்ந்தால் 30 கிராமுக்கு மேல். மிச்சத்தைச் சிறுபயறும் பாலும் பார்த்துக்கொள்ளும். சாளையை எண்ணெயில் பொரிப்பதைவிட மிளகும் தேங்காயும் அரைத்துக் குழம்பாக வைத்தால் வயிற்றுக்கு இதம். சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறுத் துவரன், கீரை, மட்டிப்பழம் எல்லாம் நல்லது. பழுத்த ஏத்தன்பழமும் சரி. சக்கை (பலாப்பழம்), மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), கொண்டைக்கடலை ஆகியவற்றை முதல் ஒரு வாரம் தள்ளிவைக்கலாம். வலைக்குக் கேடு என்பதால் அல்ல, வாயு கட்டினால் தையல் இழுத்து வலிக்கும் என்பதால். சர்க்கரை நோய் இருந்தால் பத்தியத்தைவிட அதைக் கட்டுக்குள் வைப்பதே முக்கியம். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது, கிருமியும் எளிதில் பிடிக்கும்.

குளிப்பதற்கு 48 மணி நேரம் கழிந்தால் போதும், கட்டு நனையாத வகை என்றால் அதற்கு முன்பே. வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, தையலைத் தேய்க்காமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கவும். குளம், ஆறு, கால்வாய், கடல் எதிலும் மூழ்கிக் குளிக்கக் கூடாது. தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, ஈரம் கசியாமல் ஆகும் வரை, அதாவது எப்படியும் மூன்று வாரம். தையல் நூல் நைலான் என்றால் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிரிப்பார்கள். தானே கரையும் நூல் என்றால் பிரிக்க வேண்டியதில்லை. மஞ்சள், தேங்காயெண்ணெய், பச்சிலை எதுவும் புண்ணில் வேண்டாம். நம் ஊரில் வர்ம ஆசான்களிடம் போய் உழிச்சல் (எண்ணெய் தடவி உருவிவிடுவது) பார்ப்பது சகஜம். கால், முதுகு என்றால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம். அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் தடவி உழிவது மூன்று மாதத்துக்கு வேண்டாம். அதற்குப் பின்னும் உள்ளே வலை இருப்பதை ஆசானிடம் சொல்லிவிட வேண்டும்.

நடைதான் மருந்து என்று சொன்னால் மிகையில்லை. முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை, முற்றத்தில். இரண்டாம் வாரம் சேர்ந்தாற்போல் 20 முதல் 30 நிமிடம், சமதரையில். மூன்றாம் வாரம் முதல் ஏற்ற இறக்கம். கூடவே, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தொப்புளை மெதுவாக உள்ளிழுத்து ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது, பத்துத் தடவை, காலை மாலை. மூன்றாம் வாரத்தில் அதே நிலையில் இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழும்புவதை நான்காம் வாரம் சேர்க்கலாம். தரையில் படுத்து உடம்பை நிமிர்த்தி எழும்பும் பயிற்சியும், முழங்கையூன்றி உடம்பை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியும் ஆறு வாரத்துக்குப் பிறகுதான். எதற்கும் ஒரே அளவுகோல்: செய்யும்போது வலி பத்தில் மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை முந்தைய நாள் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முந்தைய வார அளவுக்குப் போய் மூன்று நாள் நின்றுவிட்டு மறுபடி ஏறட்டும்.

பாரத்துக்கு வருவோம், கேள்வியே அதுதானே. வலை வைத்துத் திறந்து செய்த தொடையிடுக்கு ஆபரேஷனுக்கு முதல் இரண்டு வாரம் ஐந்து கிலோ, நான்காம் வாரம் வரை பத்து கிலோ, ஆறாம் வாரத்துக்குப் பிறகு படிப்படியாக எல்லாம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு. பெரிய ஆய்வுகளைத் தொகுத்த சர்வதேச வழிகாட்டுதல், சிக்கல் இல்லாத ஆபரேஷன் என்றால் வலி அனுமதிக்கும் அளவுக்கு உடனே பழைய வாழ்க்கைக்குத் திரும்பலாம், அதனால் குடலிறக்கம் திரும்ப வருவது கூடாது என்றே சொல்கிறது. அப்படியிருக்க ஆறு வாரம் என்று இங்கே சொல்வது ஏன் என்றால், அந்த ஆய்வுகளில் உள்ளவர்கள் எல்லாரும் சரிவான மலையில், மழையில் வழுக்கும் மண்ணில், விடியுமுன் தலைவிளக்கு மாட்டி 300, 400 மரம் வெட்டுகிறவர்கள் அல்ல.

பால்வெட்டைப் பிரித்துப் பாருங்கள். கத்தி இழுப்பது இலகுவான வேலை. தாழ்வான பட்டையில் வெட்டக் குனிவதுதான் தையலை மடக்கும். குனியாமல் ஒரு முட்டியை மண்ணில் ஊன்றி வெட்டட்டும். மேல்பட்டையில் ஏணி வைத்து வெட்டும் மரங்களைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மூன்றாம் வாரம் சமதரையில் உள்ள நூறு மரம், நான்காம் வாரம் இருநூறு, அதன்பின் சரிவு. பால் எடுப்பதை ஆறு வாரம் வரை வேறொருவர் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் பால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. இருபது லிட்டர் வாளியை ஒரு கையில் தூக்கிச் சரிவில் இறங்கினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதிர்ப்பக்க வயிறு முழுக்க விறைத்து நிற்கும். ஆறு வாரத்துக்குப் பிறகும் முதலில் ஐந்து லிட்டர் கேன் இரண்டு, இரண்டு கையிலும் ஒன்றாக. உறைந்த ரப்பர் பாலை ஷீட் அடிக்கும் ரோலரின் கைப்பிடியைச் சுற்றுவது இன்னும் மோசம். இடுப்பை முறுக்கி முழு பலத்தோடு தள்ள வேண்டும். அது ஏழு எட்டு வாரத்துக்குப் பிறகு. இடையில் பாலாகவே விற்றால் அந்த வேலை மிச்சம். தோட்டத்துக்காரரிடம் இப்படிப் பிரித்துச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். வரமாட்டார் என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் வேறு ஆள் வைத்துவிடுவார்.

இன்னும் ஆபரேஷன் செய்யாமல் தள்ளிப்போடுகிறவர்களுக்கு: இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தும் நாட்களின் தொடக்கத்தில் செய்துகொண்டால் கூலி நட்டம் குறையும். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுக்குப் போகிறவர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையான தடைக்காலம் அப்படியே பொருந்தும். ஆனால் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு வலிக்கும் குடலிறக்கம் என்றால் எந்தக் காலமும் பார்க்கக் கூடாது. குடலுக்கு ரத்தம் நின்று அழுக மணிக்கணக்கே போதும்.

மற்றத் தொழில்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனையேறுகிறவர் தளைநாரில் காலைப் பூட்டித் தன் முழு எடையையும் வயிற்றை மடக்கி மேலே இழுக்கிறார். அக்கானி (பதநீர்) இறக்க ஒரே மரத்தில் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு முன் வேண்டாம், தென்னையும் அப்படியே. வள்ளத்தைத் தள்ளுவது, கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுப்பது, என்ஜினைக் கழற்றித் தோளில் வைப்பது எட்டு வாரத்துக்குப் பின். தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் தொழிலுக்குப் போகிறவர்கள், வேலைக்குத் தெம்பு வந்துவிட்டாலும் ஆறு வாரம் முடியாமல் ஏறக்கூடாது. புண் பழுத்தால் நடுக்கடலில் ஒன்றும் செய்ய முடியாது. அண்டி ஆபீஸ் (முந்திரிப்பருப்பு ஆலை) வேலை பாரமில்லை, ஆனால் மணிக்கணக்கில் மடங்கி உட்கார்வது தையலில் உறுத்தும். மூன்று வாரம் கழித்து, அரைமணிக்கு ஒருமுறை எழும்பி நடந்துகொண்டு தொடங்கலாம். வீட்டில் பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தால் எல்லாரும் மறப்பது இதைத்தான்: நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோ பக்கம், பெரிய குடம் 15 கிலோ, மூன்று வயதுக் குழந்தை 12 கிலோவுக்கு மேல். சமையல் பத்தாம் நாளிலேயே செய்யலாம், இவை மூன்றும் ஆறு வாரத்துக்குப் பிறகு.

எதைத் தூக்கினாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது. பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முட்டியை மடக்கி, எழும்பும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

பைக்குக்குச் சோதனை எளிது. நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, குழந்தை குறுக்கே ஓடியதாக நினைத்துப் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கட்டும். வலியால் கால் தயங்கினால் இன்னும் ஓட்டக் கூடாது. பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் தேறுவார்கள். மயக்கம் தரும் வலி மாத்திரை சாப்பிடும் நாளில் கூடவே கூடாது. செல்ப் ஸ்டார்ட் மட்டும், கிக்கரை ஆறு வாரம் தொட வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும் அப்படியே, சைடு ஸ்டாண்டில் நிறுத்தட்டும். பின்னால் உட்கார்ந்து போவது ஒரு வாரத்துக்குப் பிறகு சரி, வேகத்தடையில் மெதுவாகப் போகிற ஆள் ஓட்டினால். தாம்பத்தியத்துக்கும் இரண்டு வாரக் கணக்கு போதும், வலி இல்லாவிட்டால் தடையில்லை.

தையலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போயிருக்கும். அங்கே ஓடும் மெல்லிய நரம்புகள் கீறும்போது இழுபடுகின்றன அல்லது அறுபடுகின்றன. மாதக்கணக்கில் குறையும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாக நிற்கும், வேலைக்கு இடைஞ்சல் இல்லை. கையை உயர்த்தி எட்டும்போது உள்ளே ஏதோ இழுப்பது போன்ற உணர்வும் இரண்டு மூன்று மாதம் இருக்கும். மூன்று மாதம் தாண்டியும் எரிச்சலாகவோ ஷாக் அடித்தது போலவோ வலி நின்றால், தாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். நூற்றில் பத்துப் பேர் அளவுக்கு இப்படி நீடித்த வலி வருகிறது, அதில் அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குப் போவது சிலருக்கே. நரம்பு வலிக்கான மாத்திரை, அந்த இடத்தில் போடும் நரம்பு ஊசி என்று வழிகள் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே அதிகம் வலித்தவர்களுக்கும், வயது குறைந்தவர்களுக்கும் இது கொஞ்சம் கூடுதலாக வரும்.

இதைப் படிக்கிற வேறு ஆபரேஷன்காரர்களுக்கு: லேப்ராஸ்கோப்பி என்றால் மேலே சொன்ன வாரங்களில் ஒன்றிரண்டு குறையும். முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலித்தால் அது வயிற்றில் ஏற்றிய வாயு. வலை வைக்காமல் தசையை மட்டும் தைத்திருந்தால் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய ஆபரேஷன் தழும்பில் வந்த பெரிய குடலிறக்கம் முற்றிலும் வேறு கணக்கு. அதற்கு வயிற்று பெல்ட் உண்டு, பாரத்துக்கு மூன்று மாதம் ஆகும், டாக்டர் சொல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

சிவாலய ஓட்டம் முடியும். முன்சிறை திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை 12 கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். வலையோடு ஓடத் தடையில்லை. ஆபரேஷனுக்கும் சிவராத்திரிக்கும் இடையில் மூன்று மாதமாவது இருக்க வேண்டும். எட்டாம் வாரத்தில் பத்துக் கிலோமீட்டர் நடை வலியில்லாமல் முடிய வேண்டும். பன்னிரண்டாம் வாரத்துக்குள் ஒரு தடவையாவது 25 கிலோமீட்டர் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவு நாள் இல்லாவிட்டால் இந்த வருஷம் பஸ்ஸில் தரிசனம் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் ஓடட்டும். ஓடும்போது ஈர வேட்டி தழும்பில் உரசும், உள்ளே இறுக்கமான ஜட்டி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தையல் பிரிக்கப் போகும் அன்று இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. இடது பக்கத்தையும் நிற்கவைத்து இருமச் சொல்லிப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் வந்தவர்களுக்கு மறுபக்கமும் வருவது உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த முறை, எந்த வலை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதி வாங்கி, ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னால் எப்போதாவது வயிற்றில் இன்னொரு ஆபரேஷன் என்றால் அந்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.